ஐவிஎஃபா, இக்ஸியா? ஆய்வகம் தரும் கருத்தரிப்புச் சேவைகளின் ஒப்பீடு

பெண்ணின் உடலிலிருந்து எடுத்த கருமுட்டையையும் ஆணின் விந்தணுவையும் ஆய்வகத்தில் சேர்ப்பதற்கு இன்று இரண்டு முதன்மையான வழிகள் இருக்கின்றன. தட்டில் உள்ள முட்டைகளைச் சுற்றி விந்தணுக்களை விட்டு, அவற்றுள் ஒன்று தானாகவே உட்புகும் வரை காத்திருப்பது வழக்கமான ஐவிஎஃப். ஒரே ஒரு விந்தணுவைத் தேர்ந்தெடுத்து, நுண்ணிய கண்ணாடி ஊசியின் வழியே அதை முட்டைக்குள் நேரடியாகச் செலுத்துவது இக்ஸி. ஊசி மருந்துகள், ஸ்கேன்கள், முட்டை எடுத்தல், கருவைக் கருப்பையில் வைத்தல் ஆகிய மற்ற படிகள் அனைத்தும் இரண்டுக்கும் பொதுவானவை. வேறுபடுவது ஆய்வகத்தின் உள்ளே நடைபெறும் அந்த ஒரு படி மட்டுமே. ஆனால் அந்த ஒரு படிக்குத் தனிக் கட்டணம், தனி ஒப்புதல் படிவம், தனி விளம்பரம் எல்லாம் உண்டு.

எனக்கும் என் கணவருக்கும் இருந்தது காரணம் கண்டறியப்படாத குழந்தையின்மை. அவருடைய விந்துப் பரிசோதனை அறிக்கையில் எண்ணிக்கை, அசைவு, வடிவம் மூன்றும் இயல்பாகவே இருந்தன. அப்படியிருந்தும் நாங்கள் முதலில் சென்ற மையத்தின் படிவத்தில் இக்ஸி என்பது முன்கூட்டியே அச்சிடப்பட்டிருந்தது. ஏன் என்று கேட்டபோது, அதில்தான் நல்ல கருக்கள் கிடைக்கும் என்ற ஒரு வரி பதிலாக வந்தது. பின்னர் வேறொரு மையத்தில் எங்கள் முட்டைகளைப் பிரித்து இரு முறைகளிலும் கருவுறச் செய்தார்கள். அந்த அனுபவத்தோடு, வெளியாகியுள்ள பெரிய ஆய்வுகளையும் படித்த பிறகு நான் வந்தடைந்த முடிவு இதுதான்: விந்தணுவில் கடுமையான குறை உள்ளவர்களுக்கு இக்ஸிக்கு இணையான சேவை வேறில்லை, அந்தக் குறை இல்லாதவர்களுக்கு அது கருவின் தரத்தை உயர்த்துவதாகவோ, குழந்தை பிறக்கும் வாய்ப்பைக் கூட்டுவதாகவோ காட்டும் வலுவான சான்று கிடையாது. நல்ல கரு கிடைக்கும் என்ற அந்த ஒரு வரியை நம்பி முடிவெடுக்க இருக்கும் தம்பதியருக்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

வழக்கமான ஐவிஎஃப் முறையில் முதல் குழந்தையான லூயிஸ் பிரௌன் 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் பிறந்தார். அதற்கு வழிவகுத்தவர்கள் ராபர்ட் எட்வர்ட்ஸ், பேட்ரிக் ஸ்டெப்டோ, ஜீன் பர்டி ஆகிய மூவர். எட்வர்ட்ஸுக்கு 2010-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. முட்டையைச் சூழ்ந்திருக்கும் குமுலஸ் செல்கள் அகற்றப்படாமலேயே, ஒரு முட்டைக்குப் பல பத்தாயிரம் விந்தணுக்கள் என்ற கணக்கில் சேர்க்கப்படுகின்றன. அந்தச் செல் படலத்தைக் கடந்து, முட்டையின் வெளி உறையான சோனாவைத் துளைத்து, முட்டையின் சவ்வோடு இணைய வேண்டிய வேலை முழுவதும் விந்தணுவினுடையது. இது ஒரு வகையான தேர்வும் ஆகும்; இயற்கைக் கருத்தரிப்பில் உள்ள தடைகளில் சில இங்கும் நீடிக்கின்றன.

அந்தத் தடைகளைக் கடக்கும் ஆற்றல் விந்தணுவுக்கு இல்லாதபோது ஐவிஎஃப் பயன் தரவில்லை. ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள் நீடித்த அந்த நிலை, பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜான்பியேரோ பலெர்மோவும் அவருடைய குழுவினரும் இக்ஸி வழியாக உண்டான முதல் கருத்தரிப்புகளை 1992-இல் வெளியிட்டதோடு மாறியது. இம்முறையில் ஹயலுரானிடேஸ் என்னும் நொதியால் குமுலஸ் செல்கள் முதலில் நீக்கப்படுகின்றன. முட்டை முதிர்ந்துவிட்டதா என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். துருவ உடல் என்னும் சிறு உருண்டை வெளிவந்திருந்தால் அது முதிர்ந்த முட்டை, ஊசியேற்றத் தகுதியுள்ளது. கருவியல் வல்லுநர் உருப்பெருக்கியின் கீழ் ஒரு விந்தணுவைத் தேர்ந்து, அதன் வாலை ஊசியால் அழுத்தி அசைவை நிறுத்தி, துருவ உடலுக்கு அருகில் குரோமோசோம்களைப் பிடித்திருக்கும் நுண்ணிழை அமைப்பைக் குத்திவிடாதபடி முட்டையைத் திருப்பி நிறுத்தி, பக்கவாட்டில் ஊசியைச் செலுத்துகிறார். கைத்திறன் இங்கே மிக முக்கியம். ஊசியேற்றத்தின்போது சில முட்டைகள் சிதைவது எந்த ஆய்வகத்திலும் நிகழ்வதே.

கருப்பைக்குள் விந்தணுவைச் செலுத்தும் ஐயுஐ முறையை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவில்லை. அதில் கருவுறுதல் உடலுக்குள்ளேயே நடப்பதால், கருவின் தரத்தைப் பார்த்துச் சொல்ல எதுவும் இல்லை.

மையங்கள் முதலில் எடுத்துக்காட்டும் எண் கருவுறுதல் விகிதம். விந்தணு சேர்க்கப்பட்டு 16 முதல் 18 மணி நேரத்துக்குள் முட்டையில் இரண்டு புரோநியூக்ளியஸ்கள் (முட்டையிலிருந்து ஒன்றும் விந்தணுவிலிருந்து ஒன்றுமாக வரும் உட்கருக்கள்) தென்பட்டால் அது இயல்பாகக் கருவுற்றதாகக் கொள்ளப்படும். ஆய்வகங்களின் செயல்திறனை அளவிடுவதற்காக ஐரோப்பிய வல்லுநர்கள் 2017-இல் வெளியிட்ட வியன்னா உடன்பாட்டின்படி, ஐவிஎஃப் முறையில் குறைந்தது 60 விழுக்காடும், சிறந்த ஆய்வகத்தில் 75 விழுக்காடும் கருவுற வேண்டும். இக்ஸியில் குறைந்தது 65, சிறந்த நிலையில் 80 விழுக்காடு. இந்த இரண்டு வரிசை எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் எவருக்கும் இக்ஸி உயர்ந்தது என்றே தோன்றும். தோன்றுவதற்குக் காரணம், இரண்டு விழுக்காடுகளும் வெவ்வேறு கூட்டத்தால் வகுத்துக் கணக்கிடப்படுபவை என்பதே. ஐவிஎஃப் விகிதம் விந்தணுவோடு சேர்க்கப்பட்ட எல்லா முட்டைகளையும் வைத்துக் கணக்கிடப்படுகிறது, முதிராதவையும் அதில் அடங்கும். இக்ஸி விகிதமோ ஊசியேற்றப்பட்ட முதிர்ந்த முட்டைகளை மட்டுமே வைத்துக் கணக்கிடப்படுகிறது.

ஒரு எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பத்து முட்டைகள் எடுக்கப்பட்டு, அவற்றுள் எட்டு முதிர்ந்தவை என்று வைத்துக்கொள்வோம். இக்ஸியில் அந்த எட்டில் 75 விழுக்காடு கருவுற்றால் ஆறு கருக்கள். ஐவிஎஃப் முறையில் பத்திலும் 60 விழுக்காடு கருவுற்றால் அதே ஆறு கருக்கள். அறிக்கையில் 75 என்றும் 60 என்றும் எழுதப்பட்டிருந்தாலும் தம்பதியரின் கையில் இருப்பது ஒரே எண்ணிக்கைதான். ஆகவே விகிதத்தை யாராவது சொன்னால், எடுத்த முட்டைகளில் எத்தனை, முதிர்ந்தவற்றில் எத்தனை என்று தனித்தனியே கேட்பது அவசியம். இதைக் கேட்ட பிறகுதான் எங்களுக்கு ஆய்வகத்தின் தாள் புரியத் தொடங்கியது.

இக்ஸியின் உண்மையான பலம் வேறோர் இடத்தில் உள்ளது. எந்த முட்டையுமே கருவுறாமல் போகும் முழுத் தோல்வி, ஐவிஎஃப் முறையில் ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து முதல் பத்து தம்பதியருக்கு நேர்வதாகப் பொதுவாகக் கூறப்படுகிறது. இக்ஸியில் அது அதைவிடக் குறைவு என்று கொள்வது வழக்கம். வாரக்கணக்கில் ஊசி போட்டு, மயக்க மருந்தின் கீழ் முட்டைகளை எடுத்த மறுநாள் காலையில் ஒன்றுகூடக் கருவுறவில்லை என்ற தொலைபேசிச் செய்தியைப் பெறுவது எவ்வளவு கொடியது என்பதை அந்தக் காத்திருப்பை அறிந்தவர்கள் உணர்வார்கள். அந்த அச்சத்தின் பேரில் இக்ஸியைத் தேர்ந்தெடுப்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அச்சத்தைத் தணிப்பதற்காக வாங்கும் சேவை, நல்ல கரு தரும் சேவை என்ற பெயரில் விற்கப்படுவதை ஏற்க முடியவில்லை.

கருவின் தரம் என்று ஆய்வகம் குறிப்பிடுவது, உருப்பெருக்கியின் கீழ் தெரியும் தோற்றத்தையே. இரண்டாம் நாளில் நான்கு செல்கள், மூன்றாம் நாளில் எட்டுச் செல்கள், அளவில் ஒத்த செல்கள், குறைந்த சிதைவுத் துணுக்குகள் ஆகியவை நல்ல அடையாளங்கள். ஐந்தாம் அல்லது ஆறாம் நாளில் கரு, உள்ளே நீர் நிறைந்த செல் பந்தான பிளாஸ்டோசிஸ்ட் நிலையை அடைந்ததும், டேவிட் கார்ட்னரும் வில்லியம் ஸ்கூல்கிராஃப்டும் 1999-இல் முன்வைத்த முறைப்படி 1 முதல் 6 வரையிலான ஓர் எண்ணும் இரண்டு எழுத்துகளும் தரப்படுகின்றன. எண், கரு எந்த அளவு விரிந்துள்ளது என்பதைக் குறிக்கிறது. முதல் எழுத்து குழந்தையாக வளரக்கூடிய உட்செல் திரளையும், இரண்டாவது எழுத்து நஞ்சுக்கொடியாக மாறக்கூடிய வெளிச்செல் அடுக்கையும் மதிப்பிடுகின்றன. 4ஏஏ என்று தாளில் எழுதிக் கொடுத்தால் மனம் நிறைவது இயல்பு. ஆனால் ஒரே கருவுக்கு இரண்டு வல்லுநர்கள் வெவ்வேறு எழுத்துகளைத் தருவதும் உண்டு, அழகான தோற்றமுள்ள கருவில் குரோமோசோம் எண்ணிக்கை பிறழ்ந்திருப்பதும் உண்டு. தோற்றம் ஒரு முன்னறிகுறி. அதற்கு மேல் அதில் சுமையேற்றக் கூடாது.

இந்தத் தரத்தை எது தீர்மானிக்கிறது என்பதுதான் ஒப்பீட்டின் மையக் கேள்வி. மனிதக் கருவின் சொந்த மரபணுக்கள் நான்கு செல் நிலைக்கும் எட்டுச் செல் நிலைக்கும் இடையில்தான் முழுமையாகச் செயல்படத் தொடங்குகின்றன. அதுவரை கரு, முட்டை சேமித்து வைத்திருந்த புரதங்களையும் ஆர்என்ஏக்களையும் நம்பியே வாழ்கிறது. எனவே முதல் மூன்று நாட்களின் தோற்றம் பெரும்பாலும் முட்டையின் தரத்தையே காட்டுகிறது. முட்டையின் தரமோ பெண்ணின் வயதைச் சார்ந்தது. முப்பதுகளின் பிற்பகுதியிலிருந்து குரோமோசோம் பிறழ்வுள்ள முட்டைகளின் பங்கு விரைந்து கூடுகிறது. விந்தணுவின் டிஎன்ஏ குறைகள் மூன்றாம் நாளுக்குப் பின், பிளாஸ்டோசிஸ்ட் ஆகும் வழியில் கரு நின்றுவிடுவதாக வெளிப்படலாம். இவற்றுள் எதையும் ஊசி மாற்றுவதில்லை. விந்தணு எந்த வழியில் உள்ளே சென்றது என்பதை ஊசி தீர்மானிக்கிறது, உள்ளே சென்ற விந்தணுவும் அதை ஏற்ற முட்டையும் எத்தகையவை என்பதை அது தீர்மானிப்பதில்லை. வயது கூடிய பெண்களுக்கும், குறைந்த முட்டைகளே கிடைக்கும் பெண்களுக்கும் இக்ஸி கட்டாயம் என்று கூறப்படுவதை இந்த இடத்தில் நிறுத்தி யோசிக்க வேண்டும். அவர்களுடைய சிக்கல் முட்டையின் உள்ளே இருக்கிறது, முட்டையின் வாசலில் இல்லை.

எங்கள் முட்டைகள் பிரிக்கப்பட்டபோது இரண்டாம் மையத்தின் கருவியல் வல்லுநர் ஒரு விஷயத்தை முன்கூட்டியே விளக்கினார். இக்ஸிக்குப் போகும் முட்டைகள் அன்றே உரிக்கப்படுவதால் முதல் நாள் படங்களில் தெளிவாகவும் சுத்தமாகவும் தெரியும். ஐவிஎஃப் முட்டைகளைச் சுற்றி மறுநாளும் செல்களும் விந்தணுக்களும் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வேறுபாட்டைப் பார்த்து மனம் தளர வேண்டாம் என்றார். அவர் சொன்னபடியே இருந்தது. ஐந்தாம் நாளில் இரு தட்டுகளின் கருக்களும் ஏறக்குறைய ஒரே தரத்தில் நின்றன. ஒரு தம்பதியரின் சில முட்டைகளைக் கொண்டு எந்தப் பொது உண்மையையும் நிறுவ முடியாது என்பதை அறிவேன். அதற்குத்தான் பெரிய சோதனைகள் இருக்கின்றன.

அந்தச் சோதனைகள் சொல்வது வியக்கத்தக்க அளவில் ஒரே திசையில் இருக்கிறது. ஆண் காரணி இல்லாத, அதாவது குழந்தையின்மைக்கு விந்தணுக் குறை காரணமாக இல்லாத, 415 தம்பதியரை வைத்து இங்கிலாந்தில் நடத்தப்பட்டு 2001-இல் லான்செட் இதழில் வெளியான சோதனையில், ஒவ்வொரு கருவும் கருப்பையில் பதியும் விகிதம் ஐவிஎஃப் முறையில் 30 விழுக்காடாகவும் இக்ஸியில் 22 விழுக்காடாகவும் இருந்தது. வியட்நாமில் 1064 தம்பதியரிடம் நடத்தப்பட்ட சோதனையின் முடிவு 2021-இல் அதே இதழில் வந்தது: கணவரின் விந்தணு எண்ணிக்கையும் அசைவும் இயல்பாக இருந்த இவர்களில், முதல் முறை கரு வைத்ததன் விளைவாகக் குழந்தை பிறந்தவர்கள் இக்ஸியில் 35 விழுக்காடு, ஐவிஎஃப் முறையில் 31 விழுக்காடு; புள்ளியியலின்படி இந்த வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதல்ல. சீனாவின் பத்து மையங்களில் 2387 தம்பதியரிடம் நடத்தப்பட்டு 2024-இல் வெளியான சோதனை இன்னும் ஒரு படி மேலே சென்றது. விந்தணுவில் மிதமான குறை உள்ளவர்களையே அது தேர்ந்தெடுத்தது. இத்தகையவர்களுக்கு இக்ஸிதான் வேண்டும் என்று பல மையங்களில் சற்றும் தயங்காமல் சொல்வார்கள். அங்கும் குழந்தை பிறந்தது இக்ஸியில் 33.8 விழுக்காடு, ஐவிஎஃப் முறையில் 36.6 விழுக்காடு.

டென்மார்க்கில் நடந்து 2025-இல் வெளியான சோதனையும் கடுமையான ஆண் காரணி இல்லாதவர்களை ஆராய்ந்தது. ஒரே முறை எடுத்த முட்டைகளிலிருந்து கிடைத்த கருக்களை உடனடியாக வைத்ததையும் உறைய வைத்துப் பின்னர் வைத்ததையும் சேர்த்து மொத்தக் குழந்தைப் பேற்றை அது கணக்கிட்டது. இக்ஸி அங்கும் ஐவிஎஃப் முறையை முந்தவில்லை. இந்தக் கூட்டு அளவீடுதான் எனக்கு மிகவும் நேர்மையானதாகப் படுகிறது. கருத்தரிப்புச் சோதனை நேர்மறை என்பது ஒரு கட்டம், ஸ்கேனில் இதயத் துடிப்பு தெரிவது அடுத்த கட்டம், குழந்தையை வீட்டுக்கு எடுத்துச் செல்வதுதான் நாம் தேடிச் சென்ற பொருள். முதல் கட்டத்தின் விழுக்காட்டைக் காட்டி மூன்றாவதைப் பற்றிப் பேசும் விளம்பரங்கள் ஏராளம். அதுபோலவே, கரு வைக்கப்பட்ட பெண்களை மட்டும் கணக்கில் கொண்டு, வைப்பதற்குக் கருவே கிடைக்காமல் போனவர்களை விட்டுவிடும் விகிதங்களும் ஏராளம்.

சான்று இப்படி இருக்க, நடைமுறை எதிர்த் திசையில் ஓடியிருக்கிறது. அமெரிக்காவில் 1996-இல் முட்டையும் விந்தணுவும் ஆய்வகத்தில் சேர்க்கப்பட்ட சிகிச்சைகளில் 36.4 விழுக்காட்டில் இக்ஸி பயன்படுத்தப்பட்டது. 2012-இல் அது 76.2 விழுக்காடாகியது. ஆண் காரணி இல்லாதவர்களிடையே இந்த உயர்வு 15.4-இலிருந்து 66.9 விழுக்காடு. ஆண் காரணி இல்லாத தம்பதியருக்கு இக்ஸியை வழக்கமாகச் செய்வதை அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2020-இல் வெளியிட்ட கருத்துரையும், ஐரோப்பிய மனித இனப்பெருக்கம் மற்றும் கருவியல் சங்கம் 2023-இல் கூடுதல் சேவைகள் குறித்து வெளியிட்ட பரிந்துரையும் ஆதரிக்கவில்லை. ஆய்வகத்துக்கு இக்ஸி வசதியானது என்பது உண்மை: முட்டை முதிர்ந்ததா என்று அன்றே தெரியும், முழுத் தோல்வி அரிது, வேலையைத் திட்டமிடுவது எளிது. அந்த வசதிக்கு நோயாளி தனிக் கட்டணம் கட்டுவது நியாயமா என்பதை மையங்கள் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இக்ஸிக்கு நான் முழு மதிப்பெண் தரும் இடங்கள் தெளிவானவை. விந்தணு எண்ணிக்கையோ அசைவோ மிகவும் குறைந்தவர்கள், விந்தில் அணுக்களே இல்லாமல் விரையிலிருந்து அறுவைச் சிகிச்சை மூலம் எடுக்க வேண்டியவர்கள், புற்றுநோய் சிகிச்சைக்கு முன் உறைய வைத்த சிறிதளவு விந்தணுவை மட்டுமே நம்பியிருப்பவர்கள், முந்தைய ஐவிஎஃப் முயற்சியில் முட்டைகள் கருவுறாமலே போனவர்கள், இவர்களுக்கு இக்ஸி இல்லாத காலத்தில் கொடையாளர் விந்து அல்லது தத்தெடுப்பு என்ற பாதைகளே இருந்தன. உறைய வைக்கப்பட்ட முட்டைகளுக்கும் இக்ஸிதான் வழக்கம். உறைய வைக்கும் முன்பே குமுலஸ் செல்கள் நீக்கப்பட்டிருக்கும், வெளி உறையும் இறுகியிருக்கக்கூடும். சில மரபணுச் சோதனைகளில் மற்ற விந்தணுக்களின் டிஎன்ஏ கலந்துவிடாமல் இருக்கவும் இதுவே நெடுங்காலமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு வருகிறது. தட்டில் தானாக ஒருபோதும் நிகழாத கருவுறுதலை ஒரு மனிதரின் கைகள் நிகழ்த்திக் காட்டுவது மருத்துவத்தின் பெரிய சாதனைகளுள் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை.

இக்ஸியின் மேல் அடுக்கி விற்கப்படும் சேவைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இம்ஸி என்பது 6000 மடங்குக்கும் மேற்பட்ட உருப்பெருக்கத்தில் விந்தணுவின் தலைப்பகுதியைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது. வழக்கமான இக்ஸியில் 200 முதல் 400 மடங்கு. கேட்பதற்குக் கவர்ச்சியாக இருந்தாலும் குழந்தைப் பேறு கூடுவதாக உறுதியான சான்று இல்லை. ஹயலுரானன் என்னும் பொருளோடு ஒட்டும் விந்தணுவைத் தேர்ந்தெடுக்கும் பிக்ஸி முறை பிரிட்டனில் 2772 தம்பதியரிடம் சோதிக்கப்பட்டு 2019-இல் முடிவு வெளியானது: முழு மாதத்தில் குழந்தை பிறந்தவர்கள் 27.4 விழுக்காடு, வழக்கமான இக்ஸியில் 25.2 விழுக்காடு, வேறுபாடு உறுதியானதல்ல. கருச்சிதைவு பிக்ஸியில் குறைவாக இருந்தது, 7.0-க்கு எதிராக 4.3 விழுக்காடு. இந்த ஒரு தகவலுக்காக, கருச்சிதைவு மீண்டும் மீண்டும் நேர்ந்தவர்கள் மருத்துவரிடம் இதைப் பற்றிப் பேசிப் பார்ப்பதில் தவறில்லை. மற்றவர்களுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். கருவின் வளர்ச்சியை இன்குபேட்டருக்குள்ளேயே தொடர்ந்து படம்பிடிக்கும் டைம்லாப்ஸ் வசதியும் 2024-இல் வெளியான பெரிய சோதனையில் குழந்தைப் பேற்றை உயர்த்தவில்லை. ஆய்வகத்தின் பணிக்கு அது உதவும் கருவி. தனிக் கட்டணம் கேட்டால் மறுக்கலாம்.

குழந்தையின் நலம் பற்றிய கேள்வியை எங்கள் இருவருக்கும் எந்த ஆலோசனையிலும் யாரும் தாமாக எழுப்பவில்லை, ஆனால் ஒப்பீடு அங்கும் செல்ல வேண்டும். தெற்கு ஆஸ்திரேலியாவின் பிறப்புப் பதிவுகளை ஆராய்ந்து 2012-இல் வெளியான ஆய்வில், பிறவிக் குறைபாடுகள் இயல்பாகக் கருத்தரித்தவர்களின் குழந்தைகளில் 5.8 விழுக்காடாகவும், ஐவிஎஃப் குழந்தைகளில் 7.2 விழுக்காடாகவும், இக்ஸி குழந்தைகளில் 9.9 விழுக்காடாகவும் இருந்தன. பெற்றோரின் வயது முதலிய காரணிகளைக் கணக்கில் கொண்டபோது ஐவிஎஃப் முறையின் கூடுதல் அபாயம் ஏறத்தாழ மறைந்தது. இக்ஸியினுடையது குறைந்தாலும் நீடித்தது. ஊசியேற்றம் இதற்குக் காரணமா, இக்ஸி தேவைப்படும் ஆண்களின் உடல்நிலை காரணமா என்பதை இத்தகைய ஆய்வு பிரித்துக் காட்ட இயலாது. இக்ஸி மூலம் பிறந்த இளைஞர்களை பிரஸ்ஸல்ஸில் ஆராய்ந்து 2016-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், அவர்களுடைய விந்தணு அடர்த்தி இயல்பாகக் கருத்தரிக்கப்பட்டவர்களின் அடர்த்தியில் பாதியளவே இருந்தது. தந்தையின் குறை மகனுக்கும் தொடர்வது இதற்கு ஏற்ற விளக்கம். ஒய் குரோமோசோமின் சிறு பகுதிகள் விடுபட்டிருந்தால் அது மகன்களுக்கு அப்படியே செல்லும் என்பது தெரிந்ததே. பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கிறார்கள், ஆகவே இந்த எண்கள் இக்ஸி தேவைப்படுபவர்களைத் தடுப்பதற்கானவை அல்ல. தேவைப்படாதவர்களுக்கு அதை வழக்கமாக்கும் முன் ஒருமுறை தயங்க வைப்பதற்குப் போதுமானவை.

எங்களைப் போல் காரணம் அறியப்படாத குழந்தையின்மை உள்ளவர்களுக்கு, நான் கண்ட சேவைகளுள் மிகவும் பொருத்தமானது முட்டைகளைப் பிரித்து இரு முறைகளிலும் கருவுறச் செய்வதுதான். தானாகக் கருவுறும் ஆற்றல் அந்தத் தம்பதியரின் முட்டைக்கும் விந்தணுவுக்கும் உண்டா என்பது ஒரே முயற்சியில் தெரிந்துவிடுகிறது; ஒரு தட்டு முழுவதும் தோற்றாலும் மற்றொன்று கைகொடுக்கிறது; அடுத்த முயற்சிக்கு எந்த முறை என்ற கேள்விக்கு அவர்களுடைய உடலே விடையளிக்கிறது. போதிய எண்ணிக்கையில் முட்டைகள் கிடைத்தால்தான் இது இயலும் என்பது இதன் வரம்பு. மூன்று நான்கு முட்டைகளைப் பிரிப்பதில் பொருளில்லை.

ஐவிஎஃப் தோற்றால் மறுநாள் ஊசியேற்றிக் காப்பாற்றலாம் என்ற உறுதிமொழியை மட்டும் எச்சரிக்கையோடு கேட்க வேண்டும். ஒரு நாள் கழிந்த முட்டை முதுமையடைந்துவிடுவதால், அப்போது செய்யும் இக்ஸியில் கருவுறுதல் நிகழ்ந்தாலும் குழந்தைப் பேறு அரிது. சில ஆய்வகங்கள் விந்தணு சேர்த்த ஏறத்தாழ ஆறு மணி நேரத்திலேயே குமுலஸை நீக்கி, கருவுறத் தொடங்கியதற்கு அடையாளமான இரண்டாம் துருவ உடல் வந்திருக்கிறதா என்று பார்த்து, வராதவற்றுக்கு அன்றே ஊசியேற்றுகின்றன. இது பயன் தரக்கூடியது, ஆனால் மாலை வரை தேர்ந்த வல்லுநர் பணியில் இருக்கும் ஆய்வகத்தில் மட்டுமே சாத்தியம். ஆகவே அந்த வசதி உண்டா, எத்தனை மணிக்குப் பார்ப்பார்கள் என்று முட்டை எடுக்கும் நாளுக்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

இறுதியில், நல்ல மையத்தை நான் எடைபோட்ட வழி அது இக்ஸி செய்கிறதா என்பதைப் பார்த்து அல்ல. இரண்டாம் மையம் எங்கள் கையில் தந்த அறிக்கையில், எடுத்த முட்டைகள், முதிர்ந்தவை, ஒவ்வொரு முறையிலும் சேர்க்கப்பட்டவை, இரண்டு புரோநியூக்ளியஸ்கள் தெரிந்தவை, ஒன்றோ மூன்றோ தெரிந்ததால் ஒதுக்கப்பட்டவை, ஊசியில் சிதைந்தவை, மூன்றாம் நாளிலும் ஐந்தாம் நாளிலும் எஞ்சியவை, அவற்றின் தரக் குறியீடுகள், எத்தனை உறைய வைக்கப்பட்டன என்பது வரை ஒவ்வொரு வரியும் இரு முறைகளுக்கும் தனித்தனியே நிரப்பப்பட்டிருந்தது. இன்னின்ன வயதுப் பிரிவில், தொடங்கிய சிகிச்சைகளில் எத்தனை விழுக்காடு குழந்தைப் பேற்றில் முடிந்தன என்ற அவர்களுடைய சொந்தக் கணக்கையும் கேட்டவுடன் காட்டினார்கள். முதல் மையத்தில் எங்களுக்குக் கிடைத்தது இரண்டு அழகான கருப் படங்களும் ஒரு விழுக்காடும். சிகிச்சைக்காக மையம் தேடுபவர்கள், கையொப்பமிடும் முன்பே அத்தகைய அறிக்கையின் வெற்றுப் படிவம் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். எந்தெந்த வரிகளை அந்த ஆய்வகம் நிரப்பித் தரும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.